இரண்டு விரல் இறக்கம்

ஜூன் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம். நீ தீவு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்பதை எதிர்வீட்டு டீச்சரம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பரவாயில்லை. அங்கே போன் சரியாகக் கிடைக்காதாம், அதையும் அவர்தான் சொன்னார். கிடைத்தாலும் நாம் இரண்டு பேரும் பேசிவிடப் போவதில்லை. கடிதமே மேல். பேச்சின் நடுவில் யாரும் டக்கென்று வைத்துவிட முடியாது.

நீ கிளம்பும்போது கடைசியாகச் சொன்னது காதிலேயே நிற்கிறது. "அது கார் இல்லப்பா, தோணி. என்னிக்காவது உங்களக் கவுத்துப் போடும். வித்துத் தொலைங்க." நானும் சும்மா இருக்காமல், "வித்தா என்னையும் சேத்து வித்துடு" என்றேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

ஆற அமர யோசித்தால் நீ சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. வளைவில் திருப்பினால் வண்டி மொத்தமாக ஒரு பக்கம் சரியும். நேராக்கினால் மறுபக்கம் சரிந்து, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிமிரும். போன மாதம் நம் ஊர் ஆஸ்பத்திரி கேட்டில் வண்டி உரசியது அந்த ஆட்டத்தால்தான், என் கண்ணால் அல்ல.

அதனால் மெக்கானிக் ஜாக்கியிடம் கொடுத்து அடிப்பாகம் முழுவதையும் மாற்றிவிட்டேன். முன்னால் கெட்டியான புது ஸ்பிரிங். பின்னால் தொய்ந்துபோன பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் புதுசு. நாலு சக்கரத்துக்கும் புது ஷாக் அப்சார்பர். ரப்பர் புஷ் ஒன்றுகூடப் பழசு இல்லை. வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ள, முன்னால் குறுக்கே ஒரு கம்பி. முதல் வளைவில் திருப்பினேன், தண்டவாளத்தில் போவதுபோலப் போயிற்று. ரோட்டில் ஒரு தீக்குச்சி கிடந்தால்கூட உள்ளங்கைக்குத் தெரிகிறது.

இனிமேல் தோணி என்று சொல்ல முடியாது. லீவு கிடைத்தால் வந்து உட்கார்ந்து பார். கோபம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்.

அப்பா


ஜூன் 21

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சரக்குப் படகு மாதம் இரண்டு முறைதான் வருகிறது. தாமதத்துக்கு என்னைத் திட்ட வேண்டாம்.

விற்கச் சொன்னால் அதற்குப் புதுக் கால் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். என் தொழிலே உடைந்த காலுக்கு நடை சொல்லிக் கொடுப்பது. கால் நன்றாகிவிட்டது என்று நினைக்கும் நாளில்தான் ஆள் திரும்ப விழுவான். நன்றாகத் திரும்பும் வண்டியை நீங்கள் மெதுவாகவா ஓட்டப் போகிறீர்கள்?

அம்மா போனபிறகு அந்தக் காரோடு பேசியதில் கால்வாசிகூட நீங்கள் என்னோடு பேசவில்லை. இதைச் சொல்லத்தான் அன்று ஆரம்பித்தேன். அது எப்படியோ தோணியில் போய் முடிந்தது.

இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. கடல் காத்து ஒத்துக்கொள்ளவில்லை போல. இரண்டு வாரமாகச் சாயங்காலம் ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறேன். ஹெட் நர்ஸ் அக்கா கேலி செய்கிறார்.

மகள்


ஜூலை 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

சத்து மாத்திரை சாப்பிடு. உன் வயதில் சாயங்காலத் தூக்கம் நல்லதல்ல.

இங்கே ஒரு சின்ன விஷயம். சிரிப்பாய், சிரி. வண்டி இடப்பக்கம் இறங்குகிறது.

சும்மா நின்றால் சமமாக நிற்கிறது. ஜாக்கி ஏறினாலும் சமம்தான். நான் ஏறி உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டதும், எனக்குப் பக்கத்து சீட் இருக்கும் முன்பக்கம் மட்டும் இரண்டு விரல் இறங்குகிறது. ஜாக்கி ஸ்பிரிங்கை இடம் வலம் மாற்றிப் போட்டான். அப்போதும் இடப்பக்கம்தான். வேறு ஜோடி போட்டான். அதே இரண்டு விரல்.

"சார், உக்காருங்க," என்றான். உட்கார்ந்தேன். "இறங்குங்க." இறங்கினேன். "இன்னொரு தடவ." இந்தத் தடவை அவன் குனிந்து அளக்கவில்லை. தள்ளிப்போய் நின்று பார்த்தான்.

"ஸ்பிரிங் மேல குத்தம் இல்ல சார். ஏறின எடைக்குத்தான் இறங்குது."

"யாருடா ஏறினா?"

"அத நீங்கதான் சொல்லணும்." அதற்குப் பிறகு அவன் என்னோடு வண்டியில் ஏறுவதில்லை.

நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். காலி லிஃப்ட் கிளம்புவது ஒரு மாதிரி, ஆள் ஏறிய லிஃப்ட் கிளம்புவது ஒரு மாதிரி. கண்ணைக் கட்டிவிட்டாலும் பாதம் சொல்லிவிடும். இந்த வண்டி காலியாகக் கிளம்புவதில்லை. வளைவு வரும் முன்பே அந்த எடை உட்பக்கம் சாய்கிறது. மூட்டை முடிச்சு அப்படிச் சாயாது. வழி தெரிந்தவர்கள்தான் சாய்வார்கள். பழைய ஸ்பிரிங் தொளதொளவென்று இருந்ததால் யார் ஏறினாலும் காட்டிக்கொடுக்கவில்லை. புதுசு காட்டிக்கொடுக்கிறது.

அம்மாதான் என்று நினைக்கிறேன். எனக்குப் பயமாக இல்லை. தினமும் சாயங்காலம் பாலம்வரை போய்த் திரும்புகிறோம். 'திரும்புகிறோம்' என்று எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை.

அப்பா


ஜூலை 25

அப்பா,

முதலில் போய் ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கள்.

அது அம்மா இல்லை. கல்யாணமான புதிதில் அந்தக் காரில் ஒரு தடவை ஏறி வாந்தி எடுத்தவள் அம்மா. அதற்குப் பிறகு நாம் காரில் போனால் அவள் பஸ்ஸில் வருவாள். நமக்கு முன்னால் போய் இறங்கி நின்று சிரிப்பாள். உயிரோடு ஏறாதவள் இப்போது எதற்கு ஏறப் போகிறாள்?

முன் சீட் யாருடையது என்று உங்களுக்கு நிஜமாகவே மறந்துவிட்டதா? பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் வளைவு வரும் முன்பே உட்பக்கம் சாய்ந்து, "நான் சாஞ்சாத்தான் வண்டி திரும்பும்" என்று அடம்பிடித்தது யார்?

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். போன புதன்கிழமை சாயங்காலம் சிகிச்சை அறையில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். நர்ஸ் அக்கா தோளைப் பிடித்து உலுக்கியும் எழவில்லையாம். வலது காலால் தரையைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தேனாம், பிரேக் பிடிக்கிற மாதிரி.

கனவில் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கறுப்பு நாய் குறுக்கே வந்தது. நீங்கள் வெட்டித் திருப்பினீர்கள். "அட உன்னோட," என்று திட்டினீர்கள். நாய் தப்பித்தது. உங்கள் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடி விழுந்து எனக்கும் உங்களுக்கும் நடுவில் கிடந்தது.

இப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். போதும்.

மகள்


ஆகஸ்ட் 10

பாப்பா,

நடந்தது. நாய் கறுப்புதான். கண்ணாடியில் இடது பக்கம் கீறல் விழுந்திருக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜாக்கியிடம் சொல்லியிருந்தால் அவன் பட்டறையை மூடிவிட்டு ஓடியிருப்பான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஷெட்டுக்குப் போய் நின்றேன். அம்மா என்று நினைத்தபோது வராத பயம் இப்போது வந்தது. செத்தவர்கள் வந்தால் போகட்டும், அவர்களுக்கு வேறு வேலை இல்லை. நீ அங்கே உயிரோடு இருக்கிறாய். உன்னை நான் எதை வைத்து இழுத்துக்கொண்டிருக்கிறேன்? அங்கே படிக்கட்டில் நிற்கும்போது கண் அசந்தால்? கடல் ஓரத்தில் அசந்தால்?

ஆகஸ்ட் ஒன்றாம் தேதியிலிருந்து வண்டியைத் தொடவில்லை. சாவி டீச்சரம்மாவிடம் இருக்கிறது. அந்தத் தேதியிலிருந்து உன் தூக்கம் எப்படி என்று எழுது. மறைக்காதே.

அப்பா


ஆகஸ்ட் 22

அப்பா,

ஒன்றாம் தேதியிலிருந்து சாயங்காலத்தில் கண் சொக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவின மாதிரி இருக்கிறது. நர்ஸ் அக்காவுக்கு நிம்மதி.

எனக்கு இல்லை. சாயங்காலம் ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் போய் நிற்கிறேன்.

நாயை மட்டும் நான் பார்க்கவில்லை அப்பா. நீங்கள் பேசியதையும் கேட்டேன். அம்மா என்று நினைத்து என்னைப் பற்றிப் பேசினீர்கள். "அவ போகும்போது போகாதேன்னு சொல்ல வாய் வரல. வாசல்ல நின்னு கேட்டைப் பூட்டற மாதிரி நடிச்சேன்," என்றீர்கள். "அவ ரூமைக் கூட்டறேன், ஆனா உள்ள உக்கார மாட்டேன்," என்றீர்கள். விழித்தபோது கன்னம் நனைந்திருந்தது. அதை நீங்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், நான் இந்தத் தீவுக்கு வந்திருக்கவே மாட்டேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். வண்டியை விற்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், எனக்கு வேலை இல்லாத நேரத்தில், பாலம்வரை போய் வாருங்கள். நான் கட்டிலில் பத்திரமாகப் படுத்துக்கொள்கிறேன். மெதுவாக ஓட்டினால் போதும்.

மகள்


ஆகஸ்ட் 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படகு வருவதற்குள் மனசு மாறிவிடும் என்று பயம். வண்டியை விற்றுவிட்டேன்.

வாங்கியவர் மலையடிவாரத்து ஊரில் பல் டாக்டர். பழைய வண்டிப் பைத்தியம். அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "மலை ரோட்டுல ஓட்டறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே சார்," என்றார். அவர் ஏறி உட்கார்ந்தபோது ஒளிந்து நின்று பார்த்தேன். வண்டி சமமாகத்தான் நின்றது. அதன்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நீ ஆசைப்பட்டபடியே ஆயிற்று. என்னையும் சேர்த்து விற்கவில்லை, இங்கேயேதான் இருக்கிறேன். ஷெட் காலியாக இருப்பது கொஞ்சம் கண்ணை உறுத்துகிறது. பழகிவிடும். உடம்பைப் பார்த்துக்கொள். இனி உனக்கு ஒன்றும் இல்லை.

அப்பா


செப்டம்பர் 9

அப்பா,

நான் அவர் வண்டியில் இருக்கிறேன்.

முதல் நாள் சமமாக நின்றது உண்மையாக இருக்கலாம். அதற்குப் பிறகு உங்களைத் தேடி ஏறியவள், நீங்கள் இல்லை என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன் போல. அவர் வண்டி எடுக்கும்போதெல்லாம் இங்கே நான் விழுந்துவிடுகிறேன். அவருக்குச் சாயங்காலம் என்று கணக்கில்லை, காலையிலும் எடுக்கிறார். போன வாரம் இடுப்பு உடைந்த பெரியவர் ஒருவருக்குக் கைபிடித்து நடை பழக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். அவருக்கு அடி இல்லை. எனக்கு நெற்றியில் தையல். பெரிய டாக்டர் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார். கடல் கொந்தளிப்பாக இருப்பதால் ஆட்களை ஏற்றும் படகு இல்லை. சரக்கும் தபாலும் மட்டும்தான் போகிறது. இல்லையென்றால் நானே கிளம்பியிருப்பேன்.

ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அவர் சீட்டி அடித்துக்கொண்டே ஓட்டுகிறார். பழைய ஸ்பிரிங்காக இருந்தால் அந்த வேகத்தில் முதல் வளைவிலேயே வண்டி உருண்டிருக்கும். நீங்கள் செய்துவைத்த வேலை அவரைத் தாங்குகிறது, அதனால் அவர் இன்னும் வேகமாகப் போகிறார். நான் எவ்வளவு சாய்ந்தாலும், காலை எவ்வளவு அழுத்தினாலும் அவருக்குத் தெரிவதில்லை. கத்தினால் சத்தம் வருவதில்லை.

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பயம் என்பதே இல்லை. இது யாரோ ஒருவரின் வண்டி அப்பா. முன்பின் தெரியாத ஆள். இறங்கவும் தெரியவில்லை.

நேற்று ஒரு வளைவில் அவர் சீட்டியை நிறுத்திவிட்டு இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "யாரு?" என்று கேட்டார்.

சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்.

பாப்பா


செப்டம்பர் 26

என் கண்ணே,

கடிதம் கையில் கிடைத்த அன்றே பஸ் ஏறினேன். ஜாக்கியும் கூடவே வந்தான். வரமாட்டேன் என்றவன், உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "நான் போட்ட ஸ்பிரிங் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

பல் டாக்டர் வீட்டு வாசலில் வண்டி நின்றது. மேலே துணி போட்டு மூடியிருந்தார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். அவரே முந்திக்கொண்டார்.

"சார், இத எடுத்துட்டுப் போயிடுங்க. பதினஞ்சு நாளா நான் ஏறல."

"பயந்துட்டீங்களா?"

"பயம் அப்புறம்தான். ஒரு வளைவுல எதிர்ல லாரி. நான் பிரேக் போடல சார், போட மறந்துட்டேன். வண்டி தானா நின்னுது. குனிஞ்சு பாத்தா பெடல் தரையோட அழுந்தி இருக்கு. என் கால் ஆக்ஸிலேட்டர் மேல இருக்கு." அவர் வலது காலைத் தொட்டுக் காட்டினார். "யாரு சார் அது?"

"என் பொண்ணு," என்றேன்.

அவர் சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். மூச்சு விடுவதற்குள் இடப்பக்கம் இறங்கியது. வழக்கமாக மெதுவாக இறங்கும். அன்றைக்குக் குழந்தை மடியில் விழுகிற மாதிரி இறங்கியது. ஜாக்கி பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டான்.

மலை இறங்கி முடிக்கும்வரை பாதையையே பார்த்தேன். சமவெளிக்கு வந்ததும், "பாப்பா, இனிமே உங்கிட்டயே சொல்றேன்," என்று ஆரம்பித்தேன். என்ன சொன்னேன் என்று எழுதப் போவதில்லை. நீ கேட்டிருப்பாய். வீடு வந்து சேரும்வரை சொன்னேன். இருபது வருஷத்துப் பேச்சு ஒரு பகலில் தீர்ந்தது.

ஷெட்டில் நிறுத்திவிட்டு எஞ்சினை அணைத்தேன். எப்போதும் நான் என் கதவைத் திறந்து இறங்கி, பூட்டிவிட்டுப் போய்விடுவேன். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. இறங்கத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாயே. எப்படித் தெரியும்? இத்தனை நாளில் உன் பக்கத்துக் கதவை உனக்காக யாருமே திறக்கவில்லை. லிஃப்ட் சரியான மாடியில் நின்றால் மட்டும் போதாது, கதவு திறக்க வேண்டும். ஆயுசு முழுக்க மற்றவர்களுக்குச் சொன்னவன் நான்.

சுற்றிப்போய் உன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். "வீடு வந்துடுச்சு, இறங்கு கண்ணு," என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? காத்திருந்தேன். பிறகு அந்தப் பக்கம் மெல்ல எழும்பியது. ஒரு விரல். இன்னொரு விரல். சமமாயிற்று.

அன்றிலிருந்து நான் ஏறினாலும் வண்டி சமமாகத்தான் நிற்கிறது. ஜாக்கி மூன்று தடவை அளந்துவிட்டான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மறைக்காதே என்று உன்னிடம் சொன்னவன் நான். மறுநாள் காலையில் உன் அறையைக் கூட்டப் போனேன். விரிப்பு கலையவில்லை. ஆனால் கட்டிலில் மெத்தை அமுங்கியிருந்தது. ஒருக்களித்துப் படுத்தால் எப்படி அமுங்குமோ அப்படி. கையை வைத்துப் பார்க்கவில்லை. கூட்டாமலே கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

நீ அங்கே எப்படி இருக்கிறாய்? உடனே எழுது.

அப்பா


அக்டோபர் 8

அப்பா,

நீங்கள் பேசியதெல்லாம் கேட்டது. பதில் சொல்ல வாய் எழவில்லை. உங்கள் பிள்ளைதானே.

அன்று இங்கே தொடர்ந்து தூங்கியிருக்கிறேன். நர்ஸ் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது தெரிந்தது. உங்கள் சட்டைக் காலர் உள்பக்கம் மடிந்திருந்தது, சரி செய்ய வேண்டும் என்று தோன்றியது. இறங்கினேன். ஷெட் தரை காலுக்குச் சில்லென்று இருந்தது. நீங்கள் முன்னால் போனீர்கள், நான் பின்னால் வந்தேன். என் அறைக்குள் போனதுவரை ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் இல்லை.

அதன்பிறகு நான் தூங்கவில்லை. பகலில் இல்லை, இரவிலும் இல்லை. படுத்தால் கண் மூடுகிறது, தூக்கம் வருவதில்லை. அசதியும் இல்லை. பெரிய டாக்டர் பரிசோதித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். எடை பார்க்கும் மெஷினில் ஏற்றி நிறுத்தினார். முள் ஏறாததைப் பார்த்துவிட்டு, மெஷின் கெட்டுவிட்டது, பழுது பார்க்கச் சொல்ல வேண்டும் என்றார். நர்ஸ் அக்கா அதில் ஏறிப் பார்த்தார். அவருக்குச் சரியாகத்தான் காட்டியது.

கடல் அடங்கிவிட்டது. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை படகில் வருகிறேன். துறைமுகத்துக்கு வண்டியைக் கொண்டுவர வேண்டாம், நான் பஸ்ஸில் வந்துகொள்கிறேன். வண்டியை விற்கவும் வேண்டாம். அதன் மேல் எனக்கு இப்போது கோபம் எதுவும் இல்லை.

ஒரே ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். வெள்ளிக்கிழமைவரை என் அறைப் பக்கம் சத்தம் போடாதீர்கள். டீச்சரம்மாவையும் வரவிட வேண்டாம். ஜன்னலைத் திறக்காதீர்கள், வெளிச்சம் முகத்தில் படும்.

உள்ளே படுத்திருப்பவளை எழுப்ப வேண்டாம். நானே வந்து எழுப்பிக்கொள்கிறேன்.

பாப்பா